லீஸுக்கு விட்டாலும் வரியா? வீட்டுக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வீடு, கடை, மனை வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். வருமான வரிக் கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் சம்பாதிப்பதற்கு 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும். அதில் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. ஆடிட்டரிடம் பேசும்போது எந்த வருடத்துக் கணக்கு என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கீழ்வீட்டில் நாங்கள் இருக்கிறோம். மாடியைப் பத்து லட்ச ரூபாய் லீஸுக்கு மூன்று வருடம் விட்டிருக்கிறேன். மாத வாடகை கிடையாது. ஏழு லட்சம் பேங்க்கில் வந்தது, மூன்று லட்சம் ரொக்கம். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம்தானே, இதற்கு ரிட்டர்னில் எதுவும் காட்ட வேண்டாம் என்கிறார் தரகர். சரியா? (வாசகர், அம்பத்தூர்)

தரகர் சொன்னதில் பாதி சரி. பத்து லட்சம் உங்கள் வருமானம் இல்லை, திருப்பித் தர வேண்டிய கடன். ஆனால் வீட்டு வருமானத்துக்குச் சட்டம் கையில் வந்த வாடகையை மட்டும் பார்ப்பதில்லை. அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் நியாயமாக என்ன வந்திருக்கும் என்பதையும் பார்க்கிறது. கீழ்வீட்டில் நீங்கள் குடியிருப்பதால் அதன் மதிப்பு பூஜ்யம். மாடியில் வேறு ஒருவர் இருக்கிறார், ஆகவே அது வாடகைக்கு விட்ட வீடு.

உங்கள் தெருவில் அதே அளவு மாடிப் போர்ஷன் 9,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,08,000. மாடிக்கான சொத்து வரி இரண்டு அரையாண்டுக்கும் சேர்த்து 4,800 ரூபாயை நீங்களே கட்டியிருந்தால் அதைக் கழிக்கலாம், மிச்சம் 1,03,200. அதில் 30 சதவீதம், அதாவது 30,960 ரூபாய், பராமரிப்புக்காகத் தானாகவே கழியும். பெயின்ட் அடித்த பில், பிளம்பர் ரசீது எதுவும் காட்ட வேண்டாம், காட்டினாலும் கூடுதலாகக் கழியாது. 72,240 ரூபாய் வீட்டு வருமானமாக ரிட்டர்னில் ஏற வேண்டும். பத்து லட்சத்தை டெபாசிட்டில் போட்டிருந்தால் அதன் வட்டி தனி வருமானம். சொத்து வரியைக் குடியிருப்பவர் கட்டினால் உங்களுக்குக் கழிவு கிடையாது என்பதையும் கவனியுங்கள்.

வரியைவிட எங்களுக்குக் கவலை தருவது அந்த மூன்று லட்சம் ரொக்கம். 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் கடனோ டெபாசிட்டோ ரொக்கமாக வாங்கக் கூடாது (பிரிவு 269எஸ்எஸ்). மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம், அதாவது மூன்று லட்சம். திருப்பிக் கொடுப்பதற்கும் இதே தடை, இதே அளவு அபராதம் (269டி). பலர் ரொக்கமாக வாங்கியதை ரொக்கமாகவே கொடுத்துக் கணக்கை நேர் செய்கிறோம் என்று இரண்டாவது தவறையும் செய்துவிடுகிறார்கள். காலி செய்யும்போது பத்து லட்சத்தையும் பேங்க் மூலமாகவே கொடுங்கள். சரியான காரணம் இருந்தது என்று காட்டினால் அபராதத்திலிருந்து விலக்குக் கேட்கலாம், ஆனால் அது அதிகாரியின் மேஜையில் போய் நின்று பேச வேண்டிய விஷயம்.

மூன்று வருட லீஸ் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகைக்கும் அதுதான் விதி. பதிவு இல்லாத மூன்று வருடப் பத்திரம் உங்களையும் காக்காது, பத்து லட்சம் கொடுத்தவரையும் காக்காது. அந்த வீட்டின் மேல் பேங்க் லோன் இருந்தால் குடியிருப்பவரின் நிலை இன்னும் மோசம். தவணை நின்று பேங்க் வீட்டை எடுக்கும்போது, பதிவில்லாத லீஸ்காரர் தன் பணத்துக்காக உங்களைத் தேடி அலைய வேண்டியதுதான்.

கேள்வி: ஒப்பந்தம் 11 மாதத்துக்கு எழுதி, அதையே புதுப்பித்துக்கொண்டு வருகிறோம். 11 மாதம் என்பதால் எங்கும் பதிவு செய்யவில்லை. இப்போது மூன்று மாதமாக வாடகை வரவில்லை. கரண்ட்டை நிறுத்தினால் போய்விடுவார் என்கிறார்கள். என்ன செய்வது? (வாசகி, மதுரை)

கரண்ட்டையும் தண்ணீரையும் தொடாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் (2017) அதை வெளிப்படையாகத் தடுக்கிறது. பாக்கி வைத்த வாடகைதாரரே உங்கள் மேல் ரென்ட் அத்தாரிட்டியிடம் (இந்தச் சட்டப்படி வாடகை விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரி) மனு கொடுக்கும் நிலை வரும். உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை ஒரே நாளில் இழக்க இதைவிட எளிய வழி இல்லை.

11 மாதக் கணக்கு பழைய பழக்கம். பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் போக வேண்டாம் என்பது வரைக்கும் அது உண்மை. ஆனால் 2017 சட்டப்படி, நகர்ப்புறங்களில் எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், ரென்ட் அத்தாரிட்டியிடமும் பதிவாக வேண்டும். கையெழுத்திட்ட 90 நாளுக்குள் அரசின் டெனன்சி இணையதளத்தில் ஒப்பந்தத்தையும் இரு தரப்பு அடையாளச் சான்றுகளையும் ஏற்றினால் பதிவு எண் வரும். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் இது தனித்தனி. அட்வான்ஸ் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் தவிர. காலி செய்து சாவி வந்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: எந்தெந்த மாதம், எவ்வளவு பாக்கி என்று தேதியோடு எழுதி, வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் நோட்டீஸ் அனுப்புங்கள். இரண்டு மாத வாடகை பாக்கியாகி, நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுதும் கட்டவில்லை என்றால் அது காலி செய்யக் கேட்பதற்கான காரணம். மனுவை வாடகை நீதிமன்றத்தில் போட வேண்டும். ரென்ட் அத்தாரிட்டியாக இருக்கும் வருவாய்த் துறை அதிகாரியிடம் போய் வெளியேற்றச் சொல்லிக் கேட்பது வீண் அலைச்சல், அந்த அதிகாரம் அவரிடம் இல்லை. நோட்டீஸில் தொகை தப்பாக இருப்பது, பழைய முகவரிக்குப் போவது, அட்வான்ஸில் கழித்ததாக வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருப்பது ஆகிய மூன்றிலும்தான் வழக்குகள் இடறுகின்றன. நோட்டீஸ் அனுப்பிய பிறகு பாதித் தொகையை ஜிபேயில் போட்டுவிடும் வாடகைதாரர்களும் உண்டு. வாங்கிக்கொள்ளலாம், ஆனால் எந்த மாதத்துக்கு வரவு வைக்கிறீர்கள் என்று அன்றைக்கே எழுத்தில் பதில் போடுங்கள்.

நோட்டீஸுக்கு வருமான வரிப் பலனும் உண்டு. வராத வாடகையைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டுமானால், வாடகைக்கு விட்டது உண்மையாக இருக்க வேண்டும். அவர் காலி செய்திருக்க வேண்டும், அல்லது காலி செய்ய வைக்க நீங்கள் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். உங்கள் வேறு வீட்டில் அவர் குடியிருக்கக் கூடாது. வசூலுக்குச் சட்ட நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும், அல்லது எடுத்தாலும் பயனில்லை என்று காட்ட வேண்டும். பாக்கி பின்னால் வசூலானால், வந்த வருடத்தில் 30 சதவீதம் கழித்து வரி.

கேள்வி: வேளச்சேரி ஃபிளாட்டை 32,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறேன், நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். புதிதாக வந்த வாடகைதாரர் ஒவ்வொரு மாதமும் 31.2 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவேன் என்கிறார். 50,000 ரூபாய்க்குக் கீழ் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) இல்லை என்று படித்தேனே? (வாசகர், சிங்கப்பூர்)

அவர் சொல்வதுதான் சட்டம். 50,000 ரூபாய் வரம்பு இந்தியாவில் வசிக்கும் வீட்டுக்காரருக்கு. வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுத்தால் வரம்பே கிடையாது, 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 31.2. பிடிக்காமல் விட்டால் அந்த வரியும் மாதம் ஒரு சதவீத வட்டியும் வாடகைதாரர் தலையில் விழும். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் ஒன்றரை சதவீதம். நீங்கள் இந்தியக் குடிமகனா, பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதெல்லாம் இங்கே கேள்வி இல்லை. அந்த வருடம் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவாகும்.

அவருக்கு வேலை அதிகம். வரி பிடிப்பவருக்கான டான் எண் வாங்க வேண்டும், பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் (மார்ச் மாதத்துக்கு ஏப்ரல் 30), மூன்று மாதத்துக்கு ஒருமுறை 27க்யூ படிவம் தாக்கல் செய்து உங்களுக்கு 16ஏ சான்றிதழ் தர வேண்டும். இதற்குப் பயந்தே வெளிநாட்டில் இருப்பவர் வீடு என்றால் சிலர் ஒதுங்குகிறார்கள். பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதும், அந்த ஆடிட்டர் செலவை ஏற்றுக்கொள்வதும் நல்லது.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். மாதம் 9,984 ரூபாய் பிடிப்பு, வருடத்துக்கு 1,19,808. வாடகை 3,84,000, சொத்து வரி 8,000 என்று வைத்தால் மிச்சம் 3,76,000. முப்பது சதவீதம் 1,12,800 போக வீட்டு வருமானம் 2,63,200. இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால், புதிய வரி முறையில் (இது புதிய சட்டம் அல்ல, பழைய முறை, புதிய முறை என்ற இரண்டு கணக்கில் ஒன்று) 4 லட்சம் வரை வரி இல்லாததால், கட்ட வேண்டியது பூஜ்யம். பிடித்த அத்தனையும் ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும். போடாவிட்டால் அரசிடமே இருக்கும். புதிய முறையில் 12 லட்சம் வரை வரியில்லை என்று விளம்பரப்படுத்தப்படும் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும், அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்றால், நிதியாண்டின் தொடக்கத்திலேயே படிவம் 13 மூலம் குறைந்த விகிதச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அது வாடகைதாரரின் டான் எண்ணைக் குறிப்பிட்டு வரும். நிதியாண்டு முடிந்தால் சான்றிதழும் முடிந்தது, வாடகைதாரர் மாறினாலும் புதிதாக வாங்க வேண்டும். வாடகை உங்கள் என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்காக வைக்கும் பேங்க் கணக்கு) சேரட்டும். ஊரில் இருக்கும் அப்பா கணக்கில் வாங்கிக்கொள்வது வசதிதான், ஆனால் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கும் வரை வருமானம் உங்களுடையது. அந்தப் பணத்தைப் பின்னால் சிங்கப்பூருக்கு அனுப்பக் கேட்கும்போது பேங்க் எழுப்பும் கேள்விக்கு அப்பாவின் பாஸ்புக் பதில் ஆகாது.

கேள்வி: கோவையில் ஒரே கட்டடத்தில் கீழே இரண்டு கடை (65,000, 48,000), மேலே நாலு வீடு (தலா 14,000). வீட்டு வாடகைக்கு ஜி.எஸ்.டி. இல்லை, கடை வாடகை 20 லட்சத்தைத் தொடவில்லை. பதிவு எடுக்க வேண்டுமா? (வாசகர், கோவை)

வேண்டும். பலரும் தடுமாறும் இடம் இதுதான். குடியிருப்புக்காக விட்ட வீட்டின் வாடகைக்கு வரி இல்லை என்பது சரி. ஆனால் 20 லட்சம் வரம்பைக் கணக்கிடும்போது வரிவிலக்குள்ள வருமானமும் சேரும். கடைகள் 13,56,000, வீடுகள் 6,72,000, மொத்தம் 20,28,000. வெறும் 28,000 ரூபாயில் வரம்பைத் தாண்டுகிறீர்கள். தாண்டிய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு எடுத்த பிறகும் வரி கடை வாடகைக்கு மட்டும்தான், 18 சதவீதம். வீடுகளுக்கு இல்லை. வரம்பு ஒரு பான் எண்ணுக்கு, ஆகவே வேறு ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் கடையும் இதில் சேரும்.

முதலில் கடை ஒப்பந்தங்களை எடுத்துப் பாருங்கள். 'ஜி.எஸ்.டி. தனி' என்ற சொல் இல்லாவிட்டால், 65,000 ரூபாய்க்குள்ளேயே வரி அடங்கியிருக்கிறது என்று கடைக்காரர் வாதாடலாம். அப்படியானால் உங்களுக்கு வாடகை 55,085, அரசுக்கு 9,915. அவரும் ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர் என்றால் சச்சரவு வராது, கட்டியதை உள்ளீட்டு வரியாக (தான் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழிவாக) எடுத்துக்கொள்வார். பதிவில்லாத சலூன், மெஸ் என்றால் 18 சதவீதமும் அவருக்கு முழுச் செலவு, பேரம் அங்கேதான் சிக்கும்.

சின்ன சேவையாளர்களுக்கான 6 சதவீதத் திட்டத்தில் சேர்ந்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 50 லட்சத்துக்குக் கீழ் இருப்பதால் சேரலாம். ஆனால் அதில் கடைக்காரரிடம் வரி வசூலிக்க முடியாது, உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். விலக்கில் இருக்கும் வீட்டு வாடகைக்கும் சேர்த்து 6 சதவீதம் வருமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி வந்தால் உங்கள் கணக்கில் அது 1,21,680 ரூபாய். எங்கள் கருத்தில் உங்களைப் போன்று வீடும் கடையும் கலந்து வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது.

வரம்புக்குக் கீழ் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாத உரிமையாளரின் கடையைப் பதிவுள்ள வியாபாரி வாடகைக்கு எடுத்தால், அந்த 18 சதவீதத்தை வியாபாரியே நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். அவர் காம்போசிஷன் திட்டத்தில் (சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் கட்டும் திட்டம்) இருந்தால் 2025 ஜனவரி 16 முதல் இது கிடையாது. அதைச் சொல்லி உங்கள் வாடகையைக் குறைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அவருக்கு அது உள்ளீட்டு வரியாகத் திரும்ப வரும்.

டி.டி.எஸ். விஷயத்தில், 65,000 ரூபாய் கடையை எடுத்திருப்பவர் கம்பெனியாகவோ, கணக்குத் தணிக்கைக்கு உட்பட்ட வியாபாரியாகவோ இருந்தால் 10 சதவீதம் பிடிப்பார். தணிக்கைக்கு உட்படாத தனிநபர் என்றால் 2 சதவீதம் (2024 அக்டோபர் 1-க்கு முன் 5 ஆக இருந்தது), அதுவும் வருடக் கடைசி மாதத்திலோ காலி செய்யும் மாதத்திலோ ஒரே தடவை, 26க்யூசி படிவத்தில். பில்லில் ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டினால் அதன் மேல் பிடிப்பு வராது. 48,000 ரூபாய் கடைக்கு எதுவும் இல்லை.

கேள்வி: 2012 ஆகஸ்ட்டில் பத்திரச் செலவோடு சேர்த்து 18 லட்சத்துக்கு வாங்கிய மனையை இந்த நிதியாண்டில் 60 லட்சத்துக்கு விற்கிறேன். 12.5 சதவீதமா, 20 சதவீதமா? லாபத்தை வீட்டில் போட்டால் வரி வராதல்லவா? (வாசகர், மேடவாக்கம்)

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய மனை அல்லது கட்டடத்துக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர் இரண்டு கணக்கையும் போட்டுக் குறைவானதைக் கட்டலாம். உங்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வருகிறது. நேர்க் கணக்கில் லாபம் 42 லட்சம், 12.5 சதவீதம் என்றால் 5,25,000. பணவீக்கக் குறியீடு 2012-13-இல் 200, 2025-26-இல் 376. அதன்படி உங்கள் அடக்கம் 33,84,000, லாபம் 26,16,000, 20 சதவீதம் என்றால் 5,23,200. இரண்டுக்கும் மேல் 4 சதவீத செஸ். 2012-13-இல் வாங்கியவர்களுக்கு விலை சுமார் 3.35 மடங்குக்கு மேல் ஏறியிருந்தால் 12.5 சதவீதம் சாதகம், அதற்குக் கீழே என்றால் 20 சதவீதம். குறியீட்டுக் கணக்கில் நஷ்டம் வந்தால் வரி பூஜ்யம், ஆனால் அந்த நஷ்டத்தை வேறெதிலும் கழிக்கவோ அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவோ முடியாது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு இந்தத் தேர்வே இல்லை, 12.5 மட்டும்.

'லாபத்தை வீட்டில் போட்டால்' என்பது வீட்டை விற்பவருக்கான பிரிவு 54. நீங்கள் விற்பது மனை, உங்களுக்குப் பொருந்துவது 54எஃப். அதில் லாபத்தை மட்டும் போட்டால் போதாது, விற்ற தொகை முழுவதையும் போட வேண்டும். 60 லட்சத்தில் 30 லட்சத்தை மட்டும் வீட்டில் போட்டால் லாபத்தில் பாதிக்குத்தான் விலக்கு. மனையை விற்கும் நாளில் உங்களுக்கு ஒரு வீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. வாங்குவதென்றால் விற்பதற்கு ஒரு வருடம் முன்போ இரண்டு வருடத்துக்குள்ளோ, கட்டுவதென்றால் மூன்று வருடத்துக்குள். ரிட்டர்ன் தேதிக்குள் செலவாகாத பணத்தை மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிட வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே கிடந்தால், பின்னால் வீடு கட்டியிருந்தாலும் விலக்குக்காக வாதாட வேண்டிவரும். வீடு வேண்டாம் என்றால் பிரிவு 54ஈசி-யில் வரும் அரசு நிறுவனக் கடன் பத்திரங்களில் ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை போடலாம். அங்கே லாபத்தைப் போட்டாலே போதும், பணம் ஐந்து வருடம் முடங்கும்.

அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பைப் பத்திரம் எழுதுமுன் பாருங்கள். தமிழ்நாட்டில் 2024 ஜூலை 1 முதல் அது மாற்றியமைக்கப்பட்டிருக்கிறது. 60 லட்சத்துக்கு எழுதும் மனையின் வழிகாட்டி மதிப்பு 66 லட்சம் வரை இருந்தால் பிரச்னை இல்லை, 10 சதவீதம் வரை சலுகை. 68 லட்சம் என்றால் நீங்கள் 68-க்கு விற்றதாகவே லாபம் கணக்கிடப்படும், வாங்கியவருக்கும் 8 லட்சம் வருமானமாகச் சேரும். உண்மையிலேயே விலை குறைவு என்றால் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு. 50 லட்சத்துக்குக் குறையாத மனை என்பதால் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து 26க்யூபி படிவத்தில் கட்ட வேண்டும், அதுவும் விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் அதிகமானதன் மேல். அவர் உங்கள் பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தால் அந்த 60,000 உங்கள் கணக்கில் வராது. பத்திரப் பதிவுக்கு முன்பே சலான் நகலை வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: இரண்டாவது வீட்டு லோன் வட்டி 4.2 லட்சம், வாடகை 1.8 லட்சம். ஆபீஸில் புதிய வரி முறை. வட்டி முழுதும் கழியுமா? (வாசகர், திருச்சி)

வாடகை 1,80,000-இல் சொத்து வரி 6,000, பிறகு 30 சதவீதம் 52,200 போக 1,21,800. வட்டியைக் கழித்தால் 2,98,200 நஷ்டம். பழைய முறையில் அதில் 2 லட்சம் சம்பளத்தில் கழியும், மிச்சம் 98,200 எட்டு வருடம் வரை வீட்டு வருமானத்தில் மட்டும் கழிக்கக் காத்திருக்கும். புதிய முறையில் வாடகை வருமானம் பூஜ்யம் ஆகும் வரைதான் வட்டிக்குப் பலன். மிச்ச நஷ்டம் சம்பளத்திலும் கழியாது, அடுத்த வருடத்துக்கும் போகாது. இன்னொரு வாடகை வீடு இருந்தால் அதன் வருமானத்தோடு கழிக்கலாம். ஆபீஸில் எந்த முறை என்பது டி.டி.எஸ். பிடிக்க மட்டும். வியாபார வருமானம் இல்லாத சம்பளக்காரர் கடைசித் தேதிக்குள் போடும் ரிட்டர்னில் மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: என் பணத்தில் மனைவி பெயரில் வீடு வாங்கினால் வாடகை அவர் கணக்கில்தானே? அவருக்கு வேறு வருமானம் இல்லை. (வாசகர், சேலம்)

இல்லை, உங்கள் கணக்கில்தான். கணவன் கொடுத்த பணத்தில் மனைவி பெயரில் வாங்கிய சொத்தின் வருமானம் கணவன் வருமானத்தோடு சேரும், பின்னால் விற்கும்போது வரும் லாபமும் அப்படியே. அந்த வாடகையைச் சேர்த்து வைத்து அவர் சம்பாதிக்கும் வட்டி மட்டும் அவருடையது. அவருடைய சீர்ப்பணம், சொந்தச் சேமிப்பு, அப்பா வீட்டுப் பணம் என்று பேங்க்கில் தடம் இருந்தால் அந்தப் பங்குக்கு வருமானம் அவருக்கு. நீங்கள் அவருக்கு உண்மையான வட்டிக்குக் கடனாகக் கொடுத்து, அவர் வாடகையிலிருந்து பேங்க் வழியாகத் தவணை கட்டினாலும் சரி. 18 வயது தாண்டிய பிள்ளைக்குக் கொடுத்தால் இந்தச் சேர்ப்பு விதி கிடையாது. பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு 2025 ஏப்ரல் 1 முதல் இருப்பது வேறு விஷயம், அது பதிவோடு முடிந்தது.

கேள்வி: சொத்து வரியை வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டினால் என்ன நஷ்டம்? (வாசகி, தாம்பரம்)

ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் கூடும். வருமான வரியில் கழிவு பணம் கட்டிய வருடத்துக்கு என்பதால், மார்ச்சில் கட்ட வேண்டியது ஏப்ரலுக்குத் தள்ளிப்போனால் அந்த வருடக் கழிவு போய்விடும். பழைய பாக்கியை இந்த வருடம் கட்டினால் இந்த வருடமே முழுதும் கழிக்கலாம்.

கேள்வி: வாடகைதாரர் வாசல் அறையில் ஜெராக்ஸ் கடை போட்டிருக்கிறார். கரண்ட் இணைப்பு என் பெயரில், வீட்டு உபயோகக் கட்டணம். எனக்கு ஏதாவது வருமா? (வாசகர், வேலூர்)

வரும். வீட்டு இணைப்பில் கடை நடத்துவது மின்சாரச் சட்டம் (2003) பிரிவு 126-இன்படி அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டண விகிதத்தைப் போல இரண்டு மடங்கு மதிப்பிடுவார்கள், எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்கு. இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் நோட்டீஸ் உங்களுக்கு. கடைக்குத் தனி வணிக இணைப்பு வாங்குங்கள். அந்தப் பகுதியின் சொத்து வரியும் வணிகக் கட்டடமாக மாறும், ஆகவே கூடுதல் தொகையை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் இப்போதே எழுதிவிடுங்கள். அந்த அறையின் வாடகை இனிமேல் குடியிருப்பு வாடகை ஆகாது. அது ஜி.எஸ்.டி.யில் கடை வாடகைக் கணக்குக்கு வந்துவிடும்.